கண்சிமிட்டிய மசாலா
(ஒரு திரைப்பட ரசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பாட்டை நிறுத்திவிடுங்கள் தம்பி. இன்னொரு முறை ஓடினால் நான் பேச வந்ததையே மறந்துவிடுவேன்.

வணக்கம். 2008 ஏப்ரல் 25 அன்று வந்த ‘தஷன்’ என்ற இந்திப் படம் நல்ல படம் என்று வாதாட நான் வரவில்லை. முதல்முறை பார்த்தபோது இடைவேளையிலேயே எழுந்து வந்தவன் நான். போன மாதம் மறுபடி பார்த்தேன். நல்ல படம் இல்லைதான். ஆனால் அது ஏன் விழுந்தது என்று அன்று தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது.

அன்று சொன்ன காரணங்கள் இவை. படம் வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் ஐபிஎல் தொடங்கியிருந்தது. வசூலைப் பங்கு போடுவதில் படத்தைத் தயாரித்த யஷ் ராஜ் நிறுவனத்துக்கும் மல்டிபிளெக்ஸ்காரர்களுக்கும் தகராறு. பத்திரிகைகளோ படத்தை விட்டுவிட்டு நாயகி கரீனா கபூரின் ‘சைஸ் ஜீரோ’ ஒல்லி உடம்பை எழுதித் தள்ளின. எல்லாம் உண்மை. இருந்தாலும் ஓடுகிற படம் இதையெல்லாம் தாண்டி ஓடும்.

தஷன் என்றால் நம் பேச்சில் கெத்து. ‘தூம்’ படங்களுக்கு எழுதிய விஜய் கிருஷ்ண ஆச்சார்யா முதன்முதலாக இயக்கிய படம். கால் சென்டர் ஜிம்மியாக சைஃப் அலி கான். அவரிடம் இங்கிலீஷ் டியூஷன் படிக்கத் துடிக்கும் தாதா பையாஜியாக அனில் கபூர். அந்தத் தாதாவின் உடைந்த இங்கிலீஷுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இன்று வருகிறது, கூடவே கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் இங்கிலீஷ் இல்லாவிட்டால் மரியாதை இல்லை!

சிக்கல் வேறிடத்தில். பழைய மசாலாவை மீட்க ஆசை, ஆனால் கூச்சம். பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அடிதடிக்கு நடுவே, ‘இதெல்லாம் விளையாட்டு என்று எங்களுக்கும் தெரியும்’ என்று ஒரு கண்சிமிட்டல். அதே ஆண்டு டிசம்பரில் முருகதாஸ் இந்தியில் ‘கஜினி’ கொடுத்தார். அடுத்த ஆண்டு பிரபுதேவாவின் ‘வாண்டட்’. இவர்கள் யாரும் கண்சிமிட்டவில்லை. ஹீரோ அடித்தால் அடியாள் பறப்பான், அவ்வளவுதான். வடக்கத்தி ரசிகன் எழுந்து நின்று விசிலடித்தான்.

‘தஷ’னில் அந்த நம்பிக்கை இருப்பது அக்‌ஷய் குமாரிடம் மட்டும்தான். கான்பூரில் ராம்லீலா என்ற ராமாயண நாடகத்தில் ராவணன் வேஷத்தோடு அறிமுகமாகும் பச்சன் பாண்டே. தான் துரத்தி வந்த பெண்தான் சிறுவயதில் தொலைத்த காதலி என்று அவனுக்குத் தெரியவருகிறது. அங்கே படம் கிண்டலை மறந்துவிடுகிறது. சற்று முன் நாம் கேட்ட ‘ஃபலக் தக்’ அவர்களுக்கான பாட்டு. உதித் நாராயணும் மகாலட்சுமி ஐயரும் பாடியது.

படம் மறந்துபோனாலும் அந்தப் பெயர் சாகவில்லை. 2022இல் அக்‌ஷய் குமாரே நடித்து ‘பச்சன் பாண்டே’ என்று தனிப்படம் வந்தது. கதை எது தெரியுமா? கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா’. பேர் கான்பூர், கதை மதுரை. அதுவும் ஓடவில்லை.