பயிற்சிப் பட்டறை முடிந்த மறுநாள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக ஆசிரியரின் கற்பித்தல் முறையை மாற்றுவதில் பெரிதும் கைகொடுப்பது பயிற்சிப் பட்டறையா, வகுப்பறைக்குள்ளேயே உடன்வரும் சக ஆசிரியரின் துணையா என்பது இன்றைய தலைப்பு. சக ஆசிரியரின் துணையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

இரு அணியினருக்கும் கருத்து வேறுபாடு இல்லாத ஓர் இடத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். இல்லையேல் அதிலேயே நேரம் போய்விடும். மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் செய்துபார்க்கவும் தூண்டும் வகுப்பு, விரிவுரையைக் கேட்கவைப்பதோடு நின்றுவிடும் வகுப்பைவிடப் பயன் தரும் என்பதில் இங்கே யாருக்கும் ஐயமில்லை. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, விரிவுரை வகுப்பில் படிப்பவர் தோல்வியுறும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று 2014-இல் காட்டிவிட்டார்கள். எது நல்ல முறை என்பதில் இனிச் சண்டையில்லை. அது ஆசிரியரின் அன்றாடப் பழக்கமாவது எப்படி என்பதில்தான் நாம் மோதுகிறோம்.

எதிரணித் தலைவர், "ஆசிரியர்கள் படித்தவர்கள், நல்ல முறையை ஒருமுறை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள், இரண்டே நாளில் நூறு பேருக்குக் கற்றுத்தரலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் உயிரியல் ஆசிரியர்களுக்கென்று கவனமாகத் திட்டமிட்டு நடத்திய பட்டறைகளில் கலந்துகொண்டவர்களை டயான் எபர்ட்-மே குழுவினர் பின்தொடர்ந்து பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வினாத்தாளில் 89 விழுக்காட்டினர், மாணவரை மையப்படுத்தும் மாற்றங்களைத் தம் பாடத்தில் செய்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். வகுப்புகளின் காணொளிப் பதிவுகளைப் பார்த்தபோதோ 75 விழுக்காட்டினர் விரிவுரையைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. ஒரு மணி நேரத்தில் கேட்ட இரண்டு கேள்விகளை ஒருவர் பெரிய மாற்றமாக எண்ணிக்கொள்வது இயல்பு. பாடம் நடத்துகிறவருக்குத் தம் வகுப்பைக் கடைசி வரிசையிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை.

அந்த வகுப்புக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1990-களில் வளர்த்தெடுத்த முறை ஒன்று பட்டறைகளில் தவறாமல் இடம்பெறும். கருத்தைச் சோதிக்கும் கேள்வி ஒன்றைத் திரையில் காட்டி, ஒவ்வொருவரையும் தனியே யோசித்து விடையளிக்கச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டுவிட்டு மறுபடி விடையளிக்கச் சொல்ல வேண்டும். பட்டறையில் இது அழகாக நடந்துவிடும். அங்கே மாணவர்களாக அமர்ந்திருப்பவர்கள் பேசிப் பழகிய ஆசிரியர்கள் அல்லவா! மறுநாள் சொந்த வகுப்பில், கேள்வி எளிதாக அமைந்துவிட்டதால் எல்லாரும் சரியாகச் சொல்லிவிட, விவாதிக்க ஏதும் இல்லாமல் போகிறது. அடுத்த கேள்வி கடினமாகிவிட, யாரும் வாய் திறப்பதில்லை. பள்ளி ஆசிரியர்களை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் அவர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவே என்றும், மூன்று விநாடி காத்திருந்தால் விடைகள் நீளமாகவும் செறிவாகவும் வருகின்றன என்றும் கண்டறிந்தார். அந்த மூன்று விநாடி மௌனம், மேடையில் நிற்பவருக்கு முடிவில்லாமல் நீள்வதுபோல் தோன்றும். ஆகவே அவரே விடையைச் சொல்லிவிடுகிறார். பாடத்திட்டம் பின்தங்குகிறது. சில வாரங்களில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது.

இந்த இடத்தில், கடைசி வரிசையில் ஒரு சக ஆசிரியர் அமர்ந்திருந்தால் என்ன நடக்கும்? இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் கோபஸ் என்ற அவதானிப்புப் படிவம் 2013 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் அதைக் காட்டி, "ஐயா, ஆறு கேள்வி கேட்டீர்கள், ஐந்துக்கு நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள்" என்று அவர் சொல்வார். எந்தப் பட்டறையும் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் அந்த வகுப்பு அப்போது நடக்கவே இல்லை.

நடுவர் அவர்களே, இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை, புரிந்துவிட்டது என்ற நிறைவைத் தருகிறது. தாமே முட்டிமோதிக் கற்பதில் அந்த நிறைவு உடனே கிட்டுவதில்லை. அப்படியானால், முறையைச் சரியாகச் செய்யும் ஆசிரியருக்கே முதலில் புகார் வந்து சேரும்! தனியாளாக நிற்பவர் அதில் மனம் தளர்ந்துவிடுவார். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களிடையே 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, புதிய முறைகளை முயன்று பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பின்னர் கைவிட்டதாகக் கூறுகிறது. அதே பாடத்தைச் சென்ற பருவத்தில் நடத்திய ஒருவர் துறையில் இருந்தால், "முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், முதல் தேர்வின் மதிப்பெண் வந்ததும் முணுமுணுப்பு அடங்கும்" என்று தைரியம் சொல்லியிருப்பார்.

வகுப்பில் இன்னொருவர் அமர்வது வேவு பார்ப்பதாகும் என்று எதிரணி நண்பர் அஞ்சினார். துறைத் தலைவர் பதவி உயர்வுக் கோப்போடு வந்து அமர்ந்தால் அந்த அச்சம் நியாயமானதே. அதை நானும் எதிர்ப்பேன். நாங்கள் கேட்பது, குறிப்புகள் வகுப்பை நடத்தியவரிடம் மட்டுமே போய்ச்சேர்கிற, இருவரும் மாறிமாறி அமர்கிற ஏற்பாட்டை.

செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் பணத்தைத் துறைகளுக்கே கொடுத்தார். அந்தந்தப் பாடத்தை அறிந்தவர்களைத் துறைக்குள்ளேயே அமர்த்தி, பேராசிரியரோடு சேர்ந்து பாடத்தை மாற்றியமைக்கச் செய்தார்.

பட்டறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எபர்ட்-மே குழுவினரே பிறகு இளம் ஆய்வாளர்களுக்காக வேறொரு திட்டத்தை வகுத்தார்கள். அதில் பட்டறை இருந்தது. ஆனால் பயிற்சியின் ஊடாகவே பாடம் நடத்தி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. அதில் பயின்றவர்கள் ஆசிரியர்களானபின் மாணவரை மையப்படுத்தியே கற்பித்தார்கள் என்று 2015-இல் அறிவித்தார்கள். பட்டறையை மட்டும் நம்பியபோது கிடைக்காதது, பழகிப் பார்க்கும் இடம் கொடுத்தபோது கிடைத்தது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், 89 விழுக்காட்டினர் மாறிவிட்டதாகச் சொல்லியும் 75 விழுக்காட்டினர் விரிவுரையிலேயே நின்றது ஏன் என்பதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும். வணக்கம்.