விமானத்தை வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா?

[காட்சி: ஓடுதளத்தின் ஓரத்தில், பெயர் அழிக்கப்பட்டு வெள்ளையாக நிற்கும் ஓர் ஏ380]

2007 அக்டோபர் 25. உலகிலேயே முதன்முறையாக ஓர் ஏ380 (ஏர்பஸ்ஸின் இரண்டு மாடி ராட்சத விமானம்) கட்டணப் பயணிகளுடன் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பறந்தது. பத்தே வருடத்தில் அதே விமானம் பிரான்ஸில் உள்ள டார்ப் நகரில் வந்து நின்றுவிட்டது. பழுது ஒன்றும் இல்லை, இன்னும் பல வருடங்கள் பறக்கும். ஆனால் எடுத்து ஓட்ட எந்த விமான நிறுவனமும் முன்வரவில்லை. கடைசியில் பாகம் பாகமாகப் பிரித்துவிட்டார்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு இதில் தலைவலி இல்லை. விமானமே அவர்களுடையது அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் பீட்டர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடமிருந்து எடுத்த குத்தகை. காலம் முடிந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று உலகில் பறக்கும் பயணிகள் விமானங்களில் கிட்டத்தட்ட பாதி இப்படிக் குத்தகைக்கு எடுத்தவைதான். வீட்டு வாடகை மாதிரிதானே என்று தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. வீடு பழசானாலும் அடியில் நிலம் இருக்கிறது. விமானத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை.

[காட்சி: கரும்பலகையில் கணக்கு]

சரி, கணக்குப் போடுவோம். எண்கள் புரிவதற்காக மட்டும். விமானத்தின் விலை 5 கோடி டாலர். மாத வாடகை அதில் 0.7 சதவீதம், அதாவது 3.5 லட்சம் டாலர். வருடத்துக்கு 42 லட்சம். 12 வருடத்தில் 5 கோடிக்கும் மேல் கட்டியிருப்போம், கையில் ஒரு திருகாணி கூட மிஞ்சாது.

'அப்படியானால் வாங்கிவிடலாமே?' அவசரப்படாதீர்கள். 5 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, 12 வருடம் ஓட்டிவிட்டு 2 கோடிக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி, அசல், விற்ற பணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 44 லட்சம் செலவு. வாடகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை! 3 கோடிக்கு விற்க முடிந்தால் 38 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிடும். 1 கோடிதான் கிடைத்தது என்றால் 50 லட்சத்துக்கு ஏறிவிடும்.

கவனித்தீர்களா? 12 வருடம் கழித்து அந்த விமானம் என்ன விலைக்குப் போகும் என்ற ஒரே எண்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. அது இன்று யாருக்கும் தெரியாது. குத்தகை எடுக்கும் நிறுவனம் அந்தக் கவலையை லெஸ்ஸர், அதாவது விமானத்தைக் குத்தகைக்கு விடும் நிறுவனத்தின் தலையில் கட்டுகிறது. ஏ380 கதையில் நடந்ததும் அதுதான்.

வட்டியும் முக்கியம். பெரிய லெஸ்ஸர்கள் மொத்தமாக ஆர்டர் கொடுத்துத் தள்ளுபடி வாங்குவார்கள், கடனும் மலிவாகக் கிடைக்கும். நேற்றுத் தொடங்கிய விமான நிறுவனத்துக்கு அந்த வட்டியை யார் தருவார்கள்? அவர்களுக்குக் குத்தகையை விட்டால் வேறு வழி குறைவு.

அப்புறம் 'சேல் அண்ட் லீஸ்பேக்' என்று ஒன்று. தள்ளுபடியில் வாங்கிய புது விமானத்தைக் கைக்கு வந்த அன்றே கூடுதல் விலைக்கு லெஸ்ஸரிடம் விற்று, அதையே குத்தகைக்கு எடுத்துக்கொள்வது. கையில் ரொக்கம் வரும். என்னைக் கேட்டால் அதை லாபம் என்று கொண்டாடக் கூடாது. பின்னால் வாடகையாகத் திரும்பக் கட்டப்போகிற பணம் அதில் கலந்திருக்கிறது.

நேர் எதிராக யோசித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் அலீஜியன்ட் விமான நிறுவனம், பழைய எம்டி-80 விமானங்களை மலிவாகச் சொந்தமாக வாங்கி 2018 வரை ஓட்டியது. எரிபொருளை அப்படிக் குடிக்கும் விமானங்கள். ஆனால் மாத வாடகை இல்லாததால், கூட்டம் இல்லாத நாட்களில் சும்மா நிறுத்திவைக்க முடிந்தது. வாடகை கட்டுகிறவருக்கு அந்தச் சுகம் கிடையாது. பறந்தாலும் நின்றாலும் மீட்டர் ஓடும்.

[காட்சி: இன்ஜின் டிஸ்க் ஒன்றின் அருகாமைப் படம், பக்கத்தில் கோப்புகளின் அடுக்கு]

குத்தகையில் பலரும் கணக்கில் எடுக்காத இடம், திருப்பிக் கொடுக்கும் நாள். ஜெட் இன்ஜினுக்குள் சுழலும் வட்டத் தட்டான இந்த டிஸ்க்குக்கு ஆயுள் வரம்பு உண்டு. சிலவற்றுக்கு 20,000 சைக்கிள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து எந்த இன்ஜினில் இருந்தது, எத்தனை சைக்கிள் ஓடியது என்று விடுபடாமல் காகிதம் வேண்டும். இடையில் ஒரு பதிவு தொலைந்தால், டிஸ்க்கில் கீறல்கூட இல்லாவிட்டாலும் இன்ஜினில் மாட்ட முடியாது. பழைய இரும்பு விலைதான்.

லெஸ்ஸரின் ஆட்கள் வந்து அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். இருக்கையின் கிழிசல் வரை குறித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன நிலைக்கு விமானம் வரும்வரை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதுவரை அது ஹேங்கரில்தான் நிற்கும், ஒரு டிக்கெட்கூட விற்காமல். அந்த நாட்களுக்கும் வாடகை உண்டு.