முதுகுக்குப் பின்னால் ஓடி வருகிறவன்

வணக்கம். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் அணிக்கு நான் உதவிப் பயிற்சியாளன், அதாவது பந்து பொறுக்குகிறவனும் தண்ணீர் கேன் தூக்குகிறவனும் நான்தான்.

போன சீசனில் என் 11 வயது மகனை ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸுக்கு மாற்றினார்கள். பேஸ் என்பது ஓடுகிறவன் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று வரிசையாகத் தொட வேண்டிய மூலை. செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நின்று பந்தைத் தடுக்கிறவன் ஷார்ட்ஸ்டாப், ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவே நிற்கிறவன் செகண்ட் பேஸ்காரன். வீடு வரும்வரை காரில் ஒரு பேச்சில்லை. அப்புறம், "என்னைக் கீழே இறக்கிட்டாங்கப்பா" என்றான். 2004இல் அலெக்ஸ் ராட்ரிகஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தபோது அங்கே ஷார்ட்ஸ்டாப்பில் ஏற்கெனவே டெரெக் ஜீட்டர் இருந்ததால், முந்தைய இரண்டு வருடமும் அந்த இடத்தில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கிய மனுஷனே தேர்ட் பேஸுக்கு நகர்ந்தார் என்று சொல்லிப் பார்த்தேன். "அவருக்குச் சம்பளம் தர்றாங்க" என்றான். சரி, அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் கை கேட்கவில்லை. செகண்ட் பேஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிதூரம் குறைவு, இவனோ பழைய வேகத்திலேயே எறிந்து இரண்டு பந்தை வேலிக்கு அனுப்பினான். அது ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

கால்தான் கஷ்டம். ஷார்ட்ஸ்டாப் ஓடிவந்து பேஸை மிதிக்கும்போது, ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து வருகிறவன் கண்ணெதிரே தெரிவான். செகண்ட் பேஸ்காரனோ தேர்ட் பேஸ் பக்கம் பார்த்துப் பந்தை வாங்கி, முதுகுக்குப் பின்னால் ஒருவன் பாய்ந்து வருவது தெரிந்தும் பதறாமல், இடது காலைப் பேஸில் ஊன்றி அவனை அவுட்டாக்கி, திரும்பி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து பந்தை அடித்தவனையும் அவுட்டாக்க வேண்டும். காரின் பழைய மிதியடியை வீட்டு வாசலில் போட்டுப் பழகினோம். என் மனைவி பந்து எறிய, நான் செருப்பு சப்தமெழ அவன் முதுகை நோக்கி ஓடுவேன். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் பந்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார், அது வேறு கதை.

இதைவிட மெதுவாக வந்தது பந்து தன்னிடம் வராதபோது எங்கே போவது என்பது. எதிரணிப் பையன் பன்ட் செய்து பந்தை மெல்லத் தட்டிவிட்டால் அதை எடுக்க ஃபர்ஸ்ட் பேஸ் பையன் முன்னால் ஓடுவான், காலியான பேஸைக் காக்க இவன் ஓட வேண்டும். பல வாரம் நின்று வேடிக்கைதான் பார்த்தான்.

சீசன் முடிகிற சமயம் ஒரு பன்ட். திரும்பினால், இவன் ஃபர்ஸ்ட் பேஸில் கால் வைத்து கிளவை நீட்டி நிற்கிறான். பந்து வீசுகிற பிட்சர் அதை எடுத்து எறிய, அது அவன் தலைக்கு மேலே பறந்துபோனது, ஒரு ரன்னும் போனது. அன்று காரில் வீடு வரும்வரை அவன் வாய் ஓயவில்லை.