ட்டொய்ங்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏர் ரைஃபிள் பற்றிப் பேச வரச் சொன்னபோது, துப்பாக்கியை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவரலாமா என்றுதான் முதலில் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, "வேண்டாங்க, சும்மா வாங்க, போதும்" என்றார்கள். அதனால் சட்டைப் பையில் இரண்டு சாமான் மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். ஒன்று தேய்ந்துபோன தோல் வாஷர். இன்னொன்று இந்தத் தகர டப்பா.

(டப்பாவைக் குலுக்கும் ஒலி)

உள்ளே இருப்பது ஈயக் குண்டு. பெல்லட் என்போம். ஒவ்வொன்றும் அரை கிராமுக்குச் சற்று மேல். இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்தப் பாவாடை விரிந்து குழலின் சுவரை ஒட்டிக்கொள்ளும். காற்று ஒழுகாது.

ஏர் ரைஃபிள் என்றதும் உங்களில் பலருக்குத் தேர்த்திருவிழாவும் மெரினாவும்தான் ஞாபகம் வரும். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன், பத்துக் குண்டுக்கு இவ்வளவு என்று காசு. குழலை வளைத்து வைத்திருக்கிறான் என்று கடைக்காரரைத் திட்டாதவர் உண்டா? பெரும்பாலும் குழலில் ஒன்றும் இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனையோ கை மாறும் துப்பாக்கியில், குறி பார்க்கிற சைட்டு ஆடிப்போயிருக்கும், அவ்வளவுதான். "கொஞ்சம் எடப்பக்கமா புடிங்க" என்று கடைக்காரர் சொன்னால் நம்புங்கள். அந்தத் துப்பாக்கியை அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

நான் சோமனூர்ப் பக்கம். முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் பழைய தறிக் கொட்டகை ஒன்று காலியாக இருக்கிறது. தறிகளை விற்றபிறகு நாற்பது அடி நீளத்துக்கு வெறும் தரைதான். போட்டிக்காரர்கள் சுடுகிற தூரமான பத்து மீட்டர் என்பது முப்பத்து மூன்று அடி. கணக்குச் சரியாக வந்துவிட்டது. இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு அந்தக் கொட்டகையும் ஒரு காரணம்.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. கம்பெனிப் பெயர் தேய்ந்து மறைந்துவிட்டது. நடுவில் மடக்குகிற ஸ்பிரிங் ரகம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஸ்டவ் பம்ப்புக்குள் ஒரு தோல் வாஷர் இருக்குமே, அது காய்ந்துவிட்டால் காற்று ஏறாது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அம்மா விரலால் தேய்த்துவிடுவார். இதுவும் அதே பம்ப்தான். கைக்குப் பதிலாக ஒரு முரட்டு ஸ்பிரிங் தள்ளுகிறது. குழலை மடக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் கொக்கி விடும். பிஸ்டன் முன்னால் பாய்ந்து சிலிண்டரில் உள்ள காற்றை நெருக்கும். அந்தக் காற்று ஒரு சின்னத் துவாரம் வழியே போய்க் குண்டைத் தள்ளும். துப்பாக்கிக்குள் காற்று சேமித்து வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்த ரகத்தில் விசையை இழுக்கும்வரை அழுத்தக் காற்று என்று ஒன்று உள்ளே கிடையாது.

காற்றைச் சேமித்து வைக்கிற ரகமும் உண்டு. ஒலிம்பிக்கில் இப்போது பிடிப்பதெல்லாம் அதுதான், சிலிண்டரில் 200 பார் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல ஏறக்குறைய இருநூறு மடங்கு. அது ஏதோ புதுசு என்றும் நினைக்க வேண்டாம். 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவத்தில் ஜிரார்டோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கி இருந்தது. தோளில் வைத்துப் பிடிக்கிற கட்டையின் பின்பகுதியே காற்றுக் குடுவை. அமெரிக்காவில் மேற்குக் கரைக்கு வழி தேடிப் போன லூயிஸ், கிளார்க் குழுவிடமும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. 1803 ஆகஸ்ட் கடைசியில் பிட்ஸ்பர்க் பக்கத்திலுள்ள ஓர் ஆற்றுத் தீவில் லூயிஸ் அதை நாலு பேருக்குச் சுட்டுக் காட்டினார். அப்புறம், அதைப் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்தார். அவர் தெரியாமல் விசையைத் தொட, நாற்பது கஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் நெற்றிப் பொட்டை உரசிப் போனது குண்டு. அந்த அம்மா விழுந்துவிட்டார், செத்தார் என்றே நினைத்தார்கள். நல்லவேளை, லேசான காயம். இதை லூயிஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கொட்டகைக்கு வந்து "ஒரு தடவை குடுங்கண்ணா" என்று கேட்கும் பையன்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். குழல் எப்போதும் மண்மூட்டைப் பக்கம். குறி பார்த்து முடியும்வரை விரல் விசைக்கு வெளியே. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி கைக்கு வரும்.

சரி, என் துப்பாக்கிக்கு வருகிறேன். கைக்கு வந்த புதிதில் பத்து மீட்டரில் ஐந்து குண்டு போட்டால் ஐந்தும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழும். சுமார்தான். எனக்கு அப்போது வேகப் பைத்தியம். நானே லேத் பட்டறைக்காரன், இருந்தும் துப்பாக்கியைத் திறக்கப் பயந்து, ரிப்பேர் செய்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். "பவர் ஏத்தித் தர்றேன்" என்று தடித்த ஸ்பிரிங் ஒன்றைப் போட்டுத் தந்தார். குழலை மடக்கவே தோள்பட்டை நோகும். சுட்டால் பிடியிலிருந்து உதறும். விசையை இழுத்த கையோடு உள்ளே இருந்து ஒரு சத்தம் வரும்: ட்டொய்ங்ங்ங். கோயில் மணி மாதிரி இரண்டு நொடி நிற்கும்.

நண்பர் ஒருவரிடம் வேகம் பார்க்கும் கருவி இருந்தது. முன்பு நொடிக்கு 160 மீட்டர் போன குண்டு, இப்போது 178. எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஐந்து குண்டும் ஓர் உளுந்த வடையின் அகலத்துக்குச் சிதறியிருந்தன, நடுவில் ஓட்டை உட்பட.

ஏன் அப்படி? பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் நெருங்கிய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கும். இந்த இரண்டு உதறலுக்கும் நடுவில், குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. தோட்டாத் துப்பாக்கியில் இந்தக் கஷ்டம் இவ்வளவு கிடையாது. நாம் குறி வைத்த இடம் வேறு, குண்டு வெளியேறும்போது குழல் பார்க்கிற இடம் வேறு. ஸ்பிரிங் முரடாக முரடாக இந்த இடைவெளி கூடும். ஜெர்மனியில் ஃபைன்வெர்க்பாவ் கம்பெனிக்காரர்கள் 300 என்ற பழைய போட்டி ரைஃபிளில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். குழலும் சிலிண்டரும் சேர்ந்து கட்டையின் மேல் தண்டவாளத்தில் போகிற மாதிரி பின்னால் நழுவும். உதை சுடுகிறவர் தோளுக்கு வராது. படத்தில் பார்த்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. நமக்கு அந்த வசதி இல்லை.

கடைசியில் நானே திறந்தேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் இன்று ராத்திரியே ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் உட்கார்ந்திருக்கும். பின்மூடியைச் சும்மா கழற்றினால் முகத்துக்கு வரும். லேத்தில் பொருத்தி, அதன் பின்முனையில் நகர்கிற டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மரை கழன்றபிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி எடுத்தேன்.

அந்த ட்டொய்ங் எங்கிருந்து வருகிறது என்பது எடுத்த உடனே தெரிந்துவிட்டது. ஸ்பிரிங்குக்குள் அதைத் தாங்க ஒரு தண்டு இருக்கும், கைடு என்போம். ஸ்பிரிங்கின் உள்விட்டத்துக்கும் அந்தத் தண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. ஸ்பிரிங் விரிந்து நிற்கும்போது தண்டின்மேல் தாளம் போடுகிறது. பழைய இரும்புத் தண்டை ஓரம் வைத்துவிட்டு, டெல்ரின் பிளாஸ்டிக் கம்பி ஒரு துண்டு வாங்கிக் கடைந்தேன். ஸ்பிரிங்கின் உள்விட்டத்தைவிடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனாகவே விட்டேன். ஸ்பிரிங்கைக் கையால் திருகித் திருகித்தான் ஏற்ற வேண்டும், வளையல் இறுக்கமாக இருந்தால் சோப்புப் போட்டு ஏற்றுவோமே, அந்த மாதிரி. ஸ்பிரிங்கையும் மாற்றினேன். பவர் ஸ்பிரிங் குப்பைக்கு. பழைய அளவிலேயே புதுசு. இரண்டு முனையும் தட்டையாக உட்காரும்படி தேய்த்து, எமரித் தாளில் பளபளப்பாக்கினேன்.

அடுத்தது பிசிறு. சிலிண்டரில் மடக்கும் கம்பி ஓடுவதற்கு ஒரு நீளவெட்டு இருக்கும். அதன் ஓரம் கூர்மையாக இருந்தால் புது வாஷரை உள்ளே தள்ளும்போதே அது சீவிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். எங்கெங்கே நூல் சிக்கி நின்றதோ அங்கெல்லாம் நைஸ் அரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனது. வீட்டில் மட்டன் குழம்பு ஆறிப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புதுத் தோல் வாஷரை எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். ஸ்டவ் ஞாபகத்தில் எண்ணெயைத் தாராளமாக விட்டதுதான் தப்பு. முதல் சூடு வெடி மாதிரி வெடித்தது, குழலில் புகை, கருகிய வாடை. காற்றை அவ்வளவு வேகமாக நெருக்கினால் சூடு பல நூறு டிகிரிக்குப் போகும். அதில் எண்ணெய்த் துளி இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுதான் நடக்கும். வாஷருக்கு முன்னால் சொட்டு எண்ணெய் நிற்கக்கூடாது. பிஸ்டனின் பக்கத்தில் மாலிப்டினம் கிரீஸ், அதுவும் பொட்டு வைக்கிற அளவு. ஸ்பிரிங்கின் மேல் கொஞ்சம் பிசுபிசுப்பான கிரீஸ். முடிந்தது.

கட்டையில் மாட்டி ஒரு குண்டு போட்டேன். "டப்." கதவைச் சாத்திய மாதிரி. உள்ளே வேறு சத்தமே இல்லை. வேகம் 165. ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள். துப்பாக்கியை இப்படிச் சரிசெய்வதை ட்யூனிங் என்போம். சுருதி சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வீணையில் நாதம் நிற்பதற்காகச் சுருதி சேர்க்கிறோம். இங்கே நாதம் நிற்காமல் இருப்பதற்காக.

இவ்வளவையும் செய்துவிட்டு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பாதிப் பேருடைய துப்பாக்கிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கட்டையையும் இரும்பையும் சேர்க்கிற மூன்று திருகாணி லூசாக இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து தானாகக் கழலும். அதை முடுக்கினாலே வடை காசாகிவிடும். அடுத்து குண்டு. டப்பா மேல் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பார்கள், தலையின் விட்டம். நூறில் ஒரு மில்லிமீட்டரில் என்ன வரப்போகிறது என்று நானும் சிரித்தேன். என் குழலுக்கு 4.51 தான் பிடிக்கிறது. மற்றதைப் போட்டால் முகம் சுளிக்கிறது. வாங்கிப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இன்னொன்று, குண்டு போடாமல் விசையை இழுக்காதீர்கள். முன்னால் தடை இல்லாமல் பிஸ்டன் இரும்பில் போய் மோதும். வாஷருக்கு அது ஆகாது.

பிடிப்பது பற்றி. இறுக்கிப் பிடித்தால் குண்டு நேராகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஸ்பிரிங் துப்பாக்கியில் அது நேர் தலைகீழ். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் கட்டை சும்மா உட்கார வேண்டும், பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி. அதை உதற விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதறினால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும்.

போட்டிக்காரர்கள் பத்து மீட்டரில் சுடும் அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். குண்டே நாலரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது இந்தப் புள்ளியை வைத்துத்தான். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவும் அப்படியே. கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்துக்காரரோடு சமநிலை. பிந்த்ரா 10.8 போட்டார், மற்றவர் 9.7 போட்டு மூன்றாவது இடத்துக்கு இறங்கினார். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முந்தைய சமாச்சாரம். இறுதிச் சுற்றுக்கு முன் பழக்கக் குண்டு போட்டுப் பார்த்தபோது சைட்டு எப்படியோ நகர்ந்திருந்தது, குண்டு எங்கேயோ போனது. இருந்த சில நிமிடத்தில் திருகிச் சரிசெய்துகொண்டுதான் சுட ஆரம்பித்தார். பலூன் கடைக்காரர் சொன்ன அதே சைட்டு விவகாரம்.

லைசென்ஸ் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். நம் நாட்டில் 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்டது என்றால் வேண்டாம். என்னுடையது 7 ஜூல் சொச்சம். அதற்காகக் குருவி, அணில் பக்கம் திருப்பலாம் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. வனவிலங்குச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது, ஜெயிலும் இருக்கிறது. ஊர்ப் பக்கம் இதற்குக் குருவித் துப்பாக்கி என்று பெயர் வைத்ததே தப்பு.

என் குறி கல்யாணப் பத்திரிகை. ஆமாம், சிரிக்காதீர்கள். தடித்த அட்டை, முனை தட்டையான குண்டு பட்டால் ஆணியடித்த மாதிரி வட்டமாகத் துளை விழும். பின்பக்கம் பேனாவால் புள்ளி வைத்துவிடுவேன். வருகிற முகூர்த்தங்களுக்கு அட்டைக்குப் பஞ்சமே இல்லை. அதற்குப் பின்னால் பழந்துணி திணித்த அரிசிச் சாக்கு, அதற்கும் பின்னால் மண்மூட்டை. கல்லிலோ இரும்பிலோ பட்டால் ஈயம் திரும்பி வரும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்வேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடமாட்டேன். ஈயம்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று கேட்டார், "ஏனுங்ண்ணா, துப்பாக்கிய வித்துப்போட்டீங்களா? சத்தத்தையே காணோம்."

முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அறுபது குண்டு போட்டிருந்தேன்.

வணக்கம்.