சீட்டில் வந்த நிலம்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நிலக்கொடைப் பல்கலைக்கழகம் என்றதும், யாரோ ஒரு புண்ணியவான் வயலை எழுதிவைக்க, அதன்மேல் கல்லூரி எழும்பியது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கதையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் காகிதம்.

1862 ஜூலை 2. உள்நாட்டுப் போர் நடுவில் அதிபர் ஆபிரகாம் லிங்கன், கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு அரசு நிலம் கொடுக்கும் மோரில் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். இதே யோசனையை 1859-ல் முந்தைய அதிபர் பியூகேனன் நிராகரித்திருந்தார். எதிர்த்துக்கொண்டிருந்த தென்மாநிலத்துக்காரர்கள் பிரிந்து போயிருந்ததால் இப்போது நிறைவேறியது. கணக்கு எளிது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர். அதை விற்று வரும் முதலின் வட்டியில் உழவும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கக் கல்லூரி நடத்த வேண்டும்.

இல்லினாய்க்கு 16 பேர். 4,80,000 ஏக்கர். ஆனால் அந்த மாநிலத்துக்குள் கொடுக்க அரசு நிலம் மிச்சமில்லை. அதனால் நிலச்சீட்டு கொடுத்தார்கள். சீட்டுக்கு 160 ஏக்கர் என்று வைத்தால் மூவாயிரம் சீட்டு, அவ்வளவுதான். ஒரு மேசை இழுப்பறைக்குள் அடங்கிவிடும்! சீட்டை வாங்கியவர் மேற்கே எங்காவது அரசு நிலத்தைக் காட்டி, ‘இது எனக்கு’ என்று பதிந்துகொள்ளலாம். அரசு விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததில் பல மாநிலங்கள் பாதி விலைக்குத் தள்ளிவிட்டன. ஆடி மாதத் தள்ளுபடி தோற்றது போங்கள்.

கல்லூரி எங்கே என்பதற்கு ஊர்களுக்குள் போட்டி. பிற ஊர்கள் அதிகம் தரத் தயாராக இருந்தும் அர்பானா என்ற ஊர் வென்றது. கிரிக்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் ஆள் பிடித்த சாமர்த்தியம் அது. அங்கே பள்ளிக்கூடத்துக்கென்று கட்டி, ஆளில்லாமல் நின்ற கட்டடம் ஒன்று இருந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘யானை’. 1868 மார்ச் 2 அன்று அந்த யானைக்குள் சுமார் 50 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. தலைவர் ஜான் மில்டன் கிரிகரி. அன்றைய பெயர் இல்லினாய் தொழிற் பல்கலைக்கழகம். கேட்டவர்கள் தப்பு செய்த சிறுவர்களை அடைக்கும் சீர்திருத்தப் பள்ளி என்று நினைத்துக்கொண்டார்களாம். பிள்ளைகளுக்கு மானம் போனது. 1885-ல் பெயர் மாறியது. 1897-ல் பொருளாளர் ஸ்பால்டிங் பல்கலைக்கழகப் பணத்தைக் கையாடி, சிறைக்குப் போனார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அறங்காவலர் குழு ஆரம்பம் முதலே அறிக்கைகளை அச்சிட்டு வைத்தது. 1963-ல் தனி ஆவணக் காப்பகமும் வந்தது. ஆனால் அந்தச் சீட்டுகள் போய் விழுந்த நிலம் யாருடையது? அதற்குக் கல்லூரி அலமாரியைத் துழாவிப் பயனில்லை. நிலப் பதிவுகளையும் பழங்குடி ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ராபர்ட் லீ என்ற வரலாற்றாசிரியரும் டிரிஸ்டன் ஆட்டோன் என்ற பத்திரிகையாளரும் குழுவாக அதைச் செய்து 2020-ல் வெளியிட்டார்கள். நாடு முழுவதும் சுமார் 1 கோடியே 7 லட்சம் ஏக்கர். ஏறத்தாழ 250 பழங்குடிகளிடமிருந்து வாங்கியதும் பறித்ததும். துண்டு துண்டாக, இந்தத் துண்டு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்று வரைபடத்திலேயே காட்டினார்கள். என்னைக் கேட்டால், பல்கலைக்கழக வரலாற்றின் முதல் அத்தியாயம் அந்த வரைபடம்தான்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1960-ல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் எழுந்தபோது கைகொடுத்தது இதே இல்லினாய். அந்த அச்சில்தான் மற்ற மாநிலங்களும் வார்த்தன, 1971-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகமும்.

அர்பானாவில் 1876-ல் தொடங்கிய சோதனை வயல் ஒன்று இன்றும் இருக்கிறது. பெயர் மாரோ வயல். அதில் ஒரு பாத்தியில் அன்றிலிருந்து இன்றுவரை மக்காச்சோளம் மட்டுமே. 1969-ல் பக்கத்தில் நூலகம் கட்டியபோது, பயிர்மேல் நிழல் விழக்கூடாதென்று கட்டடத்தையே மண்ணுக்கடியில் இறக்கினார்கள். 2022-ல் அந்த நூலகத்தை மூடி, பல்கலைக்கழக ஆவணங்களை அங்கே கொண்டுவரத் திட்டமிட்டார்கள். மேலே சோளம், கீழே காகிதம்.

நன்றி, வணக்கம்.