சார்ஜர கழட்டினா லேப்டாப் படுத்துக்குது, என்ன பண்றது?

சரி அடுத்த கேள்வி. ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க, வீட்ல இருந்தே பத்தாவது பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறாங்களாம். நாலு வருஷ லேப்டாப், ஐ5 லெவன்த் ஜென். சார்ஜர் சொருகியிருந்தா ஜம்முனு ஓடுது, கரண்ட் போயி பேட்டரிக்கு மாறின உடனே ஜூம்ல முகம் அப்படியே நின்னுடுது, பேசறது விட்டு விட்டு கேக்குது, பசங்க "மிஸ் ஸ்டக் ஆகுது மிஸ்"னு கத்துதுங்க. கடையில குடுத்ததுக்கு ரேம் பத்தலன்னு சொல்லி 8 ஜிபிய 16 ஆக்கி குடுத்துட்டாங்க, காசும் போச்சு, பழைய குறை அப்படியேதான் இருக்கு, அடுத்து எஸ்எஸ்டி மாத்தணும்ங்கறாங்க, மாத்தட்டுமா?

அக்கா, வேண்டாம். ரேமுக்கு கரண்ட் சுவத்துல இருந்து வருதா பேட்டரில இருந்து வருதான்னு தெரியவா போகுது? ரேம் பத்தலன்னா சார்ஜர் போட்டிருக்கும்போதும்தான் இழுக்கணும். எஸ்எஸ்டிக்கும் அதே கதைதான். சார்ஜர் போட்டா நல்லா ஓடுதுன்னாலே முக்காவாசி பார்ட்ஸ் மேல தப்பு இல்லன்னு அர்த்தம், அந்த கடைக்காரர் அத ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்.

நான் முதல்ல கேக்கறது வேற. கரண்ட் போறப்ப உங்க வீட்ல சார்ஜர் மட்டுமா ஆஃப் ஆகுது? வைஃபை ரவுட்டரும்தான ஆஃப் ஆகும்? இன்வெர்ட்டர் லைன்ல ரவுட்டர் இல்லன்னா அந்த நேரம் நீங்க போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டிட்டிருப்பீங்க, அப்ப ஸ்லோ ஆகறது லேப்டாப்பா நெட்டான்னே தெரியாது. அதனால கரண்ட் நல்லா இருக்கும்போதே, ரவுட்டர் ஓடிட்டிருக்கும்போதே, சார்ஜர் பின்ன மட்டும் கழட்டிப் பாருங்க. அப்பவும் படுத்துச்சுன்னா மேல பேசுவோம், படுக்கலன்னா ரவுட்டருக்கு சின்னதா ஒரு மினி யூபிஎஸ் கிடைக்குது, அத வாங்கி மாட்டுங்க, வேலை முடிஞ்சுது.

சரி, அப்பவும் படுக்குதுன்னு வெச்சுக்குவோம். கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ், சிபியு, கீழ ஸ்பீடுன்னு ஒரு நம்பர் துடிச்சிட்டே இருக்கும் பாருங்க, அந்த ஒரு நம்பர்தான் நமக்கு வேணும். ஜூம் ஓட விட்டு, சார்ஜரோட எவ்வளவுன்னு பாருங்க, உங்க ப்ராசஸருக்கு 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல நல்லாவே போகும். இப்ப கழட்டுங்க. 2, ஒன்றரைன்னு இறங்கினா அது செட்டிங்ஸ் விஷயம். 0.40, இல்ல 0.78ன்னு விழுந்து என்ன பண்ணாலும் அங்கயே ஆணி அடிச்ச மாதிரி நின்னா, அது வேற வியாதி.

செட்டிங்ஸ்னா பயப்படாதீங்க. பேட்டரில கொஞ்சம் மெதுவா ஓடறது கம்பெனிக்காரனே வெச்சு அனுப்பறதுதான், சார்ஜ் நிறைய நேரம் வரணும்ல. சார்ஜர கழட்டி வெச்சுக்கிட்டே போங்க, அது முக்கியம், ஏன்னா பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனியா செட்டிங் இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி, பவர் மோட். அங்க பெஸ்ட் பவர் எஃபிஷியன்சின்னு இருந்தா பேலன்ஸ்டு வைங்க, கிளாஸ் எடுக்கற நேரம் மட்டும் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ். பேட்டரி சேவர், புது விண்டோஸ்ல எனர்ஜி சேவர்னு இருக்கும், சார்ஜ் கம்மியானா தானா ஆன் ஆயிடும், சில பேர் எப்பவும் ஆன்லயே வெச்சிருப்பாங்க, அதையும் பாருங்க. அப்புறம் லேப்டாப் கம்பெனியோட ஆப் ஒண்ணு இருக்கும், லெனோவோக்கு வான்டேஜ், ஆசுஸுக்கு மைஆசுஸ் அந்த மாதிரி, அதுல சைலன்ட், கொயட்னு ஏதாவது ஆன் ஆகியிருந்தா விண்டோஸ்ல நீங்க என்ன மாத்தினாலும் அது அமுக்கிடும். லெனோவோல எஃப்என் கூட க்யூ தெரியாம பட்டாலே மோட் மாறிடும், இது நிறைய பேருக்கு தெரியாது.

இன்னொண்ணு, கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் உள்ள போனா மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்னு இருக்கும். சூடாகுதுன்னு யாராவது ஆன் பேட்டரில 50 சதவீதம்னு குறைச்சு வெச்சுட்டு மறந்திருப்பாங்க, அத 100 ஆக்குங்க. 99ன்னு இருந்தாலும் டர்போன்னு சொல்ற அந்த கூடுதல் வேகம் வராது, ஒரு சதவீதம்தானன்னு நினைக்காதீங்க. சில புது லேப்டாப்ல இந்த ஆப்ஷனே காட்டாது, இல்லன்னா விட்டுடுங்க. அங்கயே வயர்லெஸ் அடாப்டர்னும் ஒண்ணு இருக்கும், பேட்டரில அது பவர் சேவிங்லதான் இருக்கும், வீடியோ கிளாஸுக்கு அத மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் ஆக்கிடுங்க.

இப்ப அந்த 0.40 கேஸுக்கு வரேன். இது பெரும்பாலும் பேட்டரிதான். வீட்ல லோ வோல்டேஜ் இருக்கும்போது மிக்ஸி போட்டா ஒரு முனகு முனகும்ல, அதேதான். பேட்டரி பழசாக பழசாக உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறும், ப்ராசஸர் திடீர்னு பவர் கேட்டா வோல்டேஜ் படக்குனு இறங்கும், அப்படியே விட்டா சிஸ்டம் ஆஃப் ஆயிடும்ங்கறதால மதர்போர்டு ப்ராசஸரோட கழுத்த புடிச்சு 400 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது அந்த 0.40ல, உக்கார வெச்சிடும். ஐபோன்லயே இது நடந்துச்சே, பேட்டரி பழசான போன வேணும்னே மெதுவாக்கறோம்னு 2017 டிசம்பர்ல ஆப்பிளே ஒத்துக்கிட்டாங்க, ஞாபகம் இருக்கா?

கன்ஃபர்ம் பண்ண காசு வேண்டாம். ஸ்டார்ட்ல சிஎம்டின்னு அடிச்சு கருப்பு விண்டோவ திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட், இது சேத்து எழுதணும், என்டர். ஃபைல் எங்க சேவ் ஆச்சுன்னு அதுவே சொல்லும், க்ரோம்ல திறங்க. டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு நம்பர். முதல்து பேட்டரி புதுசுல பிடிக்க வேண்டிய அளவு, ரெண்டாவது இப்ப பிடிக்கற அளவு. போன மாசம் ஒரு காலேஜ் பையன் கொண்டு வந்தான், டிசைன் 41,000 சொச்சம், ஃபுல் சார்ஜ் 14,000 தான் இருந்துச்சு, மூணுல ஒரு பங்கு. அவனும் ரெண்டு தடவ ஃபார்மேட் அடிச்சுட்டுதான் வந்திருந்தான். டேபிள்ல வெச்சு தட்டினா லேப்டாப் ஆடுச்சு, டச்பேட் ஒரு ஓரம் தூக்கி க்ளிக்கே ஆகல. கீழ் மூடிய கழட்டினா பேட்டரி அப்பளம் மாதிரி உப்பி இருக்கு. அந்த மாதிரி உங்களுதும் ஆடுச்சுன்னா தயவுசெஞ்சு சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தவே கூடாது, தீப்பிடிக்கும், நேரா சர்வீஸ்ல குடுத்து மாத்துங்க.

த்ராட்டில்ஸ்டாப்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு பிடி ப்ராக்ஹாட்ல, அதாவது மதர்போர்டு சிக்னல் குடுத்தா ப்ராசஸர் வேகத்த குறைக்கற அந்த பாதுகாப்புல, டிக் எடுத்தா ஸ்பீடு வந்துடும்னு நிறைய வீடியோ சுத்துது. வரும், பொய் இல்ல. ஆனா செத்த பேட்டரில அத பண்ணா கிளாஸ் நடுவுல பட்டுனு ஆஃப் ஆயிடும், அதுக்கு ஸ்லோவே தேவலாம். சென்சர் கோளாறுன்னு உறுதியா தெரிஞ்சாதான் நான் அத தொடுவேன்.

கேமிங் லேப்டாப் வெச்சிருக்கற தம்பிங்க, பேட்டரில கேம் ஸ்லோ ஆகறது உங்களுக்கு சகஜம்தான். உங்க அடாப்டர் 230 வாட் கூட இருக்கும், பேட்டரி பிளேன்ல கொண்டு போற லிமிட்டுக்காக பெரும்பாலும் 100 வாட் அவருக்குள்ளதான் இருக்கும், அதால அவ்வளவு வேகமா குடுக்க முடியாது. சொருகிட்டு விளையாடுங்க.

அக்கா, நீங்க கழட்டறதுக்கு முன்னாடி பின்னாடி ஸ்பீடு, அந்த கெபாசிட்டி நம்பர் ரெண்டு, இத மட்டும் கீழ போடுங்க, பேட்டரி வாங்கணுமா வேண்டாமான்னு பாத்து சொல்லிடறேன். அதுவரைக்கும் எஸ்எஸ்டிக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா திரும்ப வாங்கிடுங்க.