ஆணியில் தொங்கிய சாவிகள்

(பென்னாகரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, நாற்காலி போட்டு மைக் கட்டிய தம்பிகளே, வணக்கம். பொறியாளர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஏரிக்கு மட்டம் பார்க்க மூன்று நாள் வெயிலில் நின்றவர், ஒரு பைசா வாங்கவில்லை. அவருக்கு ஒரு துண்டு போர்த்தியது போதாது.

‘இடப்பெயர்வும் நீடித்த வளர்ச்சியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஊரை விட்டுப் போகிறவர்கள், ஓசூருக்கு வருகிறவர்கள், அப்புறம் ஏரி என்று மூன்று சங்கதி பேச வந்தேன்.

‘ஏரி நிறைந்தால் கரை கசியும்’ என்பார் என் பாட்டி. பெங்களூரு நிறைந்தது. அந்தக் கசிவில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் படித்தார்கள், ஓட்டு வீடுகள் மெத்தை வீடுகள் ஆயின. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2015-ல் ஐ.நா. சபை வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பத்தாவது, மக்கள் ஒழுங்காக, பாதுகாப்பாக இடம்பெயர வழி செய்யச் சொல்கிறதே தவிர, போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் ஊரில் தண்ணீர் இல்லாமல் போகிறவனுக்கு எது ஒழுங்கு?

நான் சின்னப் பையனாக இருந்தபோது, நிலக்கடலை பிடுங்கி முடிந்ததும் மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் தெருவே பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குக் கிளம்பும். பூட்டிய வீட்டுச் சாவிகளை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சேலைக் கிழிசல். பாட்டியிடம் விட்டுப்போன பையன் ஒருவன் தினமும் சாயங்காலம் வந்து அவன் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்ப்பான், ஒன்றும் பேசமாட்டான். ஒருநாள் சாவியும் இல்லை, பையனும் இல்லை. கிணறெல்லாம் எட்டிப் பார்த்தோம். என் அம்மா அழுதுகொண்டே தேடினார். கடைசியில் அவன் வீட்டுக்குள், அவன் அம்மா மூட்டிய அடுப்புக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தான். “அம்மா வாசனை வருது அத்தை” என்றான்.

2005-ல் பெருமழை பெய்து ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. அந்த வருஷம் ஆணியில் இரண்டே சாவிகள். கரைக்குக் கீழே இருந்த கிணறுகளில் எல்லாம் தண்ணீர் ஊறியது. ஏரி நிறைந்தால் கரை கசியும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஓசூருக்கு வரும் ஒடிசா, பீகார் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். நேரமில்லை. அவர்களும் ஏதோ ஓர் ஆணியில் சாவியை மாட்டிவிட்டு வந்தவர்கள்தான்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் அடைந்துபோனதும் நாம் போர்வெல் போட ஆரம்பித்தோம். ஆழம் போகப் போக ஃபுளோரைடு வந்தது, பிள்ளைகளின் பல் கறுத்தது. குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, நன்றி சொல்கிறேன். கேழ்வரகுக்கும் கடலைக்கும் யார் தண்ணீர் கொடுப்பது?

தலைவர் அம்மாவிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். 1965-ல் நம் தருமபுரி மாவட்டம் பிறந்ததும் அக்டோபர் 2, கிராம சபை கூடுவதும் அக்டோபர் 2. கால்வாய் ஆக்கிரமிப்பை அகற்றித் தூர்வார வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானம் போடுங்கள். மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.